நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொட்டு

எங்கள் சமையலறைக் குழாய் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சொட்டத் தொடங்கியது. அதை எப்படி நிறுத்துவது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். பின்னால் வந்த துன்பங்களுக்கெல்லாம் அதுதான் காரணம்.

குழாய் மிக எளிமையான சாதனம். கைப்பிடியைத் திருகினால் உள்ளே ஒரு தண்டு இறங்கும். தண்டின் நுனியில் நாணயம் அளவுக்கு ஒரு ரப்பர் வில்லை இருக்கும். அதுதான் வாசர். தண்ணீர் ஏறிவரும் துளையின் விளிம்பில் வாசர் போய் உட்கார்ந்துகொண்டால் தண்ணீர் நின்றுவிடும். உள்ளே நடப்பது அவ்வளவுதான். பல்லாயிரம் முறை உட்கார்ந்து எழுந்தால் நமக்கே முழங்கால் தேய்கிறது, ரப்பர் தேயாதா? தேய்ந்த இடத்தில் மயிரிழை அகலத்துக்கு ஒரு வழி கிடைத்தால் தண்ணீருக்குப் போதும். பழைய வாசரைக் கழற்றிப் புதியதைப் போட்டால் நின்றுவிடும். பத்து நிமிட வேலை. ரசித்துச் செய்தால் பன்னிரண்டு.

நான் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர்களின் அழுத்தமானிகளைப் பழுதுபார்க்கிறவன். நான் மாட்டிய வாசர்களை நம்பி தினமும் நாற்பது பேர் மூச்சு விடுகிறார்கள். அந்தத் தைரியத்தில் மனைவியிடம் கேட்டேன்.

"ஆள் வைக்கலாமா, நானே பண்ணிடவா?"

"கல்யாணமான புதுசுல ஷவரை நீங்கதான் பண்ணீங்க. இன்னிக்கு வரைக்கும் அது சுவரைத்தான் குளிப்பாட்டுது."

"அப்ப ஆள் வைப்போம்."

"வந்துட்டாலும்! அந்தக் காலத்துல வந்த ஆள் ஒரு குழாயை நிறுத்திட்டு ரெண்டைச் சொட்ட வச்சுட்டுப் போனாரு. வேணும்னே பண்ணியிருப்பாரு. திரும்ப வரணும்ல."

உள் அறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "யாரு அது? யார் வந்திருக்கா?"

"யாரும் வரலப்பா."

"வரலேன்னா எதுக்குக் குசுகுசுன்னு பேசுறீங்க?"

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து, மூன்று மாதம் அசையக் கூடாது என்று படுக்கையில் போட்டிருந்தார்கள். படுத்தபடியே எல்லோரையும் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைப் போலப் பார்ப்பார். அவரைத் துடைத்துவிட, விரிப்புகளை அலச, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ள, ஒரு நாளைக்குப் பதினான்கு வாளித் தண்ணீர் தேவைப்பட்டது.

நானா, ஆளா என்று நாங்கள் இருவரும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததில் ஓர் அர்த்தமும் இல்லை. அந்த முடிவை எடுக்கும் உரிமையே எங்களுக்கு இல்லை. அது பழுதுத் தீர்மானத் துறையினுடையது.

துறை எப்படி உருவானது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. பதினான்கு வருடத்துக்கு முன்பு வரை சிலர் தாங்களே குழாயைக் கழற்றி வீட்டை நனைத்துக்கொண்டார்கள். வேறு சிலர் ஆள் வைத்து ஏமாந்தார்கள். இரு தரப்பும் அரசாங்கத்தைத் திட்டின. ஆகவே, எந்தப் பழுதை வீட்டுக்காரர் தானே பார்க்கலாம், எதற்கு ஆள் வைக்க வேண்டும் என்று தீர்மானித்துச் சொல்ல ஒரு துறையை ஏற்படுத்தினார்கள். துறை எந்தப் பழுதையும் பார்க்காது. யார் பார்ப்பது என்று மட்டும் சொல்லும். அது சொல்வதற்கு முன் எவராவது குழாயில் கை வைத்தால் அது 'அனுமதியற்ற கை' எனப்படும். தண்டனையாகத் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பைத் தொண்ணூறு நாள் மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். சொட்டாத குழாயைச் சொட்டுவதாகச் சொன்னாலும் அதே தண்டனைதான்.

"பதினாலு வாளி, தொண்ணூறு நாள்," என்றாள் மனைவி. "தெருமுனைக் குழாயிலேர்ந்து யார் தூக்கிட்டு வர்றது? ஒழுங்கா மனு போட்டுட்டு வாங்க."

துறை அலுவலகத்தின் வாசலில் 'பழுது உங்களுடையது, முடிவு எங்களுடையது' என்று பெரிதாக எழுதியிருந்தது. தாழ்வாரத்தில் ஒரு கைகழுவும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. குழாயின் கழுத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஓர் அட்டை கட்டியிருந்தார்கள். அட்டையின் தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தையது.

மனு வாங்கும் அம்மாள் ஒரு படிவத்தைத் தள்ளினார். சொட்டின் எண்ணிக்கை நிமிடத்துக்கு எத்தனை? சொட்டின் சத்தம் 'டொக்' வகையா, 'டிப்' வகையா? பழுதான குழாயை விண்ணப்பதாரர் உற்றுப் பார்த்ததுண்டா? உண்டெனில், எந்த நோக்கத்துடன்?

நான் வீட்டில் எண்ணி வைத்திருந்தபடி இருபத்திரண்டு என்று எழுதினேன். நோக்கம் என்ற இடத்தில் 'கவலை' என்று எழுதினேன்.

அம்மாள் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கவலைன்னா? சரிபண்ணணும்ங்கிற கவலையா?"

"இல்ல மேடம். சும்மா, பொதுவா."

"பொதுவான கவலைன்னு எழுதுங்க. ஏழு வேலை நாள்ல சோதனையாளர் வருவாரு. அதுவரைக்கும் குழாயை அப்படியே விடுங்க."

"திறந்து மூடலாமா?"

"மூடுங்க. ஆனா ரொம்ப அக்கறையா மூடாதீங்க."

மேசையில் இரண்டு ரப்பர் முத்திரைகள் இருந்தன. ஒன்றில் 'தானே', மற்றதில் 'ஆள் வைத்து'. இரண்டும் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் பளபளவென்று இருந்தன.

ஏழு வேலை நாள் போனது. இன்னும் இரண்டு ஏழு போனது. தண்ணீர் சும்மா இருக்குமா? மயிரிழை வழி, நூல் அகலமாகி, நூல் கயிறானது. நான்காவது வாரம் எங்கள் மொட்டை மாடித் தொட்டி காலை பத்து மணிக்கே காலி. அன்று மாமனாரைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகுக்குச் சோப்பு போட்டிருந்தோம். வாளியில் தண்ணீர் இல்லை.

"என்ன மாப்பிள்ளை, நிறுத்திட்டீங்க?"

"தண்ணி தீந்துடுச்சு மாமா."

"தீந்துடுச்சா, தீத்துட்டீங்களா?"

அவர் முதுகில் சோப்பு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. மனைவி பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கடன் வாங்கப் போனாள். திரும்பி வந்தவள் என்னையும் பார்க்கவில்லை, குழாயையும் பார்க்கவில்லை. நேராகப் போய் ஜன்னலைச் சாத்தினாள். மிக்சியில் எதையும் போடாமல் வெறுமனே ஓடவிட்டாள்.

"சத்தம் வெளிய கேக்காது. பத்து நிமிஷம்னு சொன்னீங்கல்ல?"

எட்டு நிமிடத்தில் முடித்தேன். குழாய் நின்றது. மிக்சி சூடாகிப் புகைந்தது.

சோதனையாளர் மறுநாள் காலை வந்தார்.

ஒல்லியான மனிதர். கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கியது. கையில் டார்ச், பையில் பூதக்கண்ணாடி. குழாயடியில் மண்டியிட்டு மூன்று நிமிடம் அசையாமல் இருந்தார். ஒன்றும் விழவில்லை.

"சொட்டு எங்க?"

"காலைல சொட்டாது சார்," என்றாள் மனைவி, நான் வாயைத் திறக்கும் முன். "வெயில் ஏறணும்."

அது அப்படியொன்றும் அபத்தமில்லை. வெப்பத்தில் பித்தளை விரியும், ரப்பரும் விரியும், ஆனால் ஒரே அளவில் அல்ல. அதை விளக்கலாம் என்று நான் ஒரு விரலை உயர்த்தியபோது மனைவி என் காலை மிதித்தாள்.

சோதனையாளர் பூதக்கண்ணாடியைக் குழாயின் மேல் வைத்தார். ஸ்பேனர் பிடிக்கும் இடத்தில் பொடியாக ஒரு கீறல் மின்னியது. துணி சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டேன்.

"புதுக் கீறல் மாதிரி தெரியுது."

"பாத்திரம் பட்டுச்சு."

"எந்தப் பாத்திரம்? எடுத்துட்டு வாங்க. வச்சுப் பாப்போம்."

அப்போது உள்ளேயிருந்து மாமனார் கத்தினார். "யாரு அது? அடையாள அட்டை இருக்கான்னு கேளு முதல்ல!"

சோதனையாளர் திடுக்கிட்டார். பதினான்கு வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய் அட்டையை நீட்டினார். மாமனார் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோல மீசை இருக்கு."

"எடுத்துட்டேன் ஐயா."

"எதுக்கு எடுத்தீங்க? என்ன மறைக்கிறீங்க?"

சோதனையாளர் மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார். ஆனால் அவர் முகத்தில் ஒரு மரியாதை படர்ந்தது. தன் ஆயுள் முழுக்க மற்றவர்களைச் சந்தேகப்பட்டவர், முதன்முறையாகத் தரமான சந்தேகம் ஒன்றின் முன்னால் நின்றார். "பெரியவர் எந்த டிபார்ட்மென்ட்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். தலையசைத்துக்கொண்டார்.

"இங்க பாருங்க," என்றார் வாசலில் செருப்பை மாட்டியபடி. "ஒண்ணு, நீங்க பொய்யா மனு போட்டிருக்கணும். இல்ல, கை வச்சிருக்கணும். எதுவா இருந்தாலும் முத்திரைதான். பெரியவருக்காக ஒரு வாய்ப்பு தர்றேன். வர்ற வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி வருவேன். மனுவுல போட்டபடி இருபத்திரண்டு சொட்டு இருக்கணும். இருபத்தொண்ணு இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். இருபத்திமூணு இருந்தாலும் வரும்."

சொட்டும் குழாயை நிறுத்துவது சுலபம், பார்த்தோம். நின்ற குழாயைக் கணக்காகச் சொட்டவைப்பது எவ்வளவு அழகான சிக்கல் என்பதை நான் அந்த வாரம்தான் அறிந்தேன். பழைய வாசரைத் திரும்பப் போட்டேன். கயிறு போலக் கொட்டியது. கைப்பிடியை இறுக்கி நாற்பதுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து மூடினால் அது அறுபதானது. ஆகவே பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு புதிய வாசரின் முகத்தில் ரம்பப் பட்டையால் ஒரு கோடு கிழித்தேன். எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கோடு வழியாக மட்டும் தண்ணீர் வரும், இல்லையா? முதல் வாசரில் கோடு ஆழமாகிவிட்டது. இரண்டாவதில் போதவில்லை. பதினோராவது வாசரில், ஊசியால் கீறிய கோட்டில், மனைவி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, இருபத்திரண்டு விழுந்தது. என் வாழ்நாளில் செய்த மிக நுட்பமான வேலை அது. யாரிடமும் காட்ட முடியாது.

மாலையில் எண்ணினால் பதினெட்டு.

காரணம் எளிது. மேலே தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தால் அது கீழே அழுத்தும், சொட்டு வேகமாகும். தொட்டி இறங்க இறங்க அழுத்தம் குறையும். எங்களுடையது தாழ்வான வீடு, தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, அதனால் வித்தியாசம் அதிகம். எண்ணிப் பார்த்து ஒரு பட்டியல் போட்டேன். தொட்டி முக்கால் அளவில் இருக்கும்போது மட்டும் சரியாக இருபத்திரண்டு.

வியாழக்கிழமை காலை மூன்று பேரின் குளியலும் அட்டவணைப்படி நடந்தது. பத்து மணிக்குள் ஒன்பது வாளி செலவாகியிருக்க வேண்டும். நான் ஏணியில் நின்று தொட்டிக்குள் குச்சியை விட்டு அளந்து, கீழே குரல் கொடுத்தேன். "இன்னும் ஒரு வாளி!"

"அப்பாவை ஏற்கெனவே ரெண்டு தடவை துடைச்சாச்சு!"

"இன்னொரு தடவை துடை!"

"என்னை ஏன்டா இப்படிக் கழுவுறீங்க?" மாமனார் அலறினார். "யார்கிட்ட காட்டப் போறீங்க?"

பதினோரு மணிக்குச் சோதனையாளர் மண்டியிட்டார். எண்ணினார். இருபத்திரண்டு. கடிகாரத்தை உதறிவிட்டு மறுபடி எண்ணினார். இருபத்திரண்டு. மூன்றாவது முறை உதட்டை மட்டும் அசைத்து எண்ணினார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"தண்ணி வேணுமா சார்?" என்றாள் மனைவி.

"இந்தக் குழாயிலேர்ந்து வேண்டாம்." அவர் என்னைப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இப்படி நடந்ததே இல்ல. நாங்க வர்றதுக்குள்ள எல்லார் வீட்டுலயும் சொட்டு கூடியிருக்கும். மனுவுல ஒண்ணு, குழாய்ல ஒண்ணு. முரண்பாடுன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுவோம். அவங்க புதுசா மனு போடுவாங்க. அதுக்குள்ள மறுபடி கூடியிருக்கும். பொருந்துறது இதுதான் முதல் தடவை."

"அப்ப முடிவு சொல்லிடலாமா சார்?"

அவர் எழுந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அதுதான் பிரச்சினை. இயக்குநர்கிட்ட போகணும்."

இயக்குநரின் அறையில் சோதனையாளரோடு சேர்த்து எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னை நிற்கவைத்தார்கள். மனு வாங்கும் அம்மாள் இரண்டு முத்திரைகளையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். இயக்குநர் உருண்டையான, அன்பான மனிதர். என்னைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

"தம்பி, ஒரு குடிமகன் தானா முடிவெடுத்தா என்ன ஆகும்? தப்பா எடுத்தா அவனுக்கு நஷ்டம். சரியா எடுத்தா நமக்கு நஷ்டம். அதனாலதான் இந்தத் துறை. பதினாலு வருஷத்துல ஒரு தப்பான தீர்மானம்கூட நாங்க கொடுத்ததில்ல. தெரியுமா?"

"எத்தனை தீர்மானம் கொடுத்திருக்கீங்க சார்?" நான் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

ஒருவர் பேனாவை மூடினார்.

"அவசரப்பட்டு ஒண்ணுகூட கொடுத்ததில்ல," என்றார் இயக்குநர் பெருமையாக. "இப்ப உங்க விஷயத்துக்கு வருவோம். 'தானே'ன்னு குத்தினா என்ன ஆகும்? ஊர் பூரா நானே நானேன்னு கிளம்பிடுவான். 'ஆள் வைத்து'ன்னு குத்தினா? அந்த ஆள் சரியா பண்ணலேன்னா எங்களைக் கேப்பீங்க. சரியா பண்ணிட்டா இன்னும் மோசம். அப்ப எதுக்கு உங்களைக் கேக்கணும்னு கேப்பீங்க. எப்படிக் குத்தினாலும் குழாய் நின்னுடும். அது நின்னுட்டா, மனுவோட பொருந்துற ஒரே கசிவும் நம்ம கையை விட்டுப் போயிடும். அதை எண்ணித்தானே புதுசா வர்ற சோதனையாளர்கள் தொழில் கத்துக்கணும்?"

எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

"அதனால இந்தக் கசிவைத் துறையோட மாதிரிக் கசிவா அறிவிக்கிறேன். உங்க வீட்டு இணைப்புக்கு எந்த ஆபத்தும் இல்ல. மாசா மாசம் முதல் வியாழக்கிழமை பயிற்சிக்கு ஆளுங்க வருவாங்க. எண்ணிட்டுப் போவாங்க. ஒரு சொட்டு கூடுனாலோ குறைஞ்சாலோ, கை வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அன்னிக்கே முத்திரை."

"சார், ரப்பர் தேயுமே," என்றேன். "தேஞ்சா சொட்டு தானாவே கூடும். அதாவது, ரப்பர் எப்படின்னா..."

எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சோதனையாளர் மெல்ல நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

"ரப்பரைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் இயக்குநர். அந்த அன்பு எங்கேயோ போயிருந்தது.

"தெரியாது சார்," என்றேன். "யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"பொதுவா, சார்."

அம்மாள் முத்திரைகளை உறை கலையாமல் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. மாமனாருக்கு எலும்பு இன்னும் சரியாகக் கூடவில்லை, எழுந்து நடக்க நாளாகும் என்கிறார்கள். பதினான்கு வாளி அப்படியே தொடர்கிறது. மாதாமாதம் அந்த வியாழனுக்கு முந்தின நாள் மதியம் மனைவி ஜன்னலைச் சாத்திப் புது மிக்சியை ஓடவிடுவாள். நான் குழாயைக் கழற்றி, தேய்ந்த வாசரை எடுத்துவிட்டு, ஊசியால் கீறிய புதியதைப் போடுவேன். துணி சுற்றித்தான் பிடிக்கிறேன். வியாழக்கிழமை காலை குளியல் அட்டவணை. கீறல் இல்லாத ஒரு வாசர் போட்டால் எல்லாம் நின்றுபோகும் என்பது எனக்கும் தெரியும், குழாய்க்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வியாழக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். சமையலறையில் இடமில்லாமல் இருவர் இருவராக மண்டியிட்டு எண்ணினார்கள். சோதனையாளர் வழக்கம்போல மாமனாரிடம் அட்டையைக் காட்டி உத்தரவு வாங்க உள்ளே போனார். கடைசியாக எண்ணிய பெண்மணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எண்ணி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார், சோதனையாளர் திரும்பி வந்ததும். "இதை யாரோ பராமரிக்கிற மாதிரி இருக்கு."

மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"கசிவை யாராவது பராமரிப்பாங்களாம்மா?" சோதனையாளர் சிரித்தார். "அது தானா நடக்குறது. எழுதுங்க, இருபத்திரண்டு."

எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். அந்தப் பெண்மணி பையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தார். பை அவர் தோளில்தான் இருந்தது. என் விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகளைப் பார்த்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எங்க வீட்டுக் குழாயும் சொட்டுதுங்க," என்றார் தாழ்ந்த குரலில். "அஞ்சு மாசமா. கைக்குழந்தை வேற. தொட்டில தண்ணியே நிக்க மாட்டேங்குது. நான் துறைக்குள்ளயே இருக்கேன், மனு போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறீங்களா? யாருக்கும் சொல்ல மாட்டேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. தூக்கமில்லாத தாய்க்கும் அப்படித்தான் இருக்கும், நன்றாகப் பயிற்சி பெற்ற சோதனையாளருக்கும் அப்படித்தான் இருக்கும். அவர் சட்டைப்பையில் எழுதத் தயாராக ஒரு பேனா இருந்தது.

பத்து நிமிட வேலை. கைப்பிடியைத் திருகினால் தண்டு இறங்கும், தண்டின் நுனியில் ஒரு ரப்பர். இரண்டு வரியில் சொல்லிவிடலாம், அவரே செய்துகொள்வார். அந்த இரண்டு வரியும் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டன. உள் அறையில் மாமனார் புரண்டு படுக்க முயன்று முனகினார்.

"குழாயைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றேன்.